டர்போ இன்ஜினின் இன்டேக்கில் ஆயில் சேராமல் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் ஆயில் சொட்டுகிறது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்பார்கள். இல்லையென்றால், வழியிலேயே ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டுமே பல நேரம் தப்பான இடத்தில் தொடங்குகின்றன. ஆயில் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அதைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு சுத்தம். கேட்ச் கேன் கடைசி. இந்த வரிசை மாறினால் காசு செலவாகும், ஆயில் மறுபடியும் சேரும்.

இங்கே சொல்வது ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 டீசல் போன்ற இன்ஜின்களுக்கும், இப்போது ஓடும் 1.0 டர்போ பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும். முறை மாறும் இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

1. ஆயில் வரும் இரண்டு வழிகள்

பிஸ்டன் ரிங் புதிதாகவே இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே இறங்கும். அதுதான் ப்ளோ-பை. அது உள்ளேயே தங்கினால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கும். அதனால் பிரீதர் ஹோஸ் வழியாக மறுபடி இன்டேக்குக்கே, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கே, அனுப்புகிறார்கள். போகும்போது அந்த வாயு ஆயில் துளிகளையும் சேர்த்து எடுத்துப் போகிறது. வால்வு கவருக்குள் இருக்கும் செப்பரேட்டர் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், முழுவதையும் பிடிக்காது.

டீசலில் இந்த வாயு டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயில் சேரும். பெட்ரோலில் இரண்டு பாதைகள் உண்டு. ஐடிலிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் பி.சி.வி வால்வு என்ற ஒருவழி வால்வு வழியாக நேராக மேனிஃபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அப்போது வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குத் திரும்பும்.

ஆயில் வரும் இரண்டாவது வழி டர்போவின் தண்டுப் பக்கம். அங்கே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரியான சிறு வளையங்கள். உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சரியாக இருக்கும் வரைதான் அவை ஆயிலைத் தடுக்கும். நல்ல டர்போவும் ஆயில் கக்குவதற்குக் காரணம் இதுவே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 7-வது படியில் தேவைப்படும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வாகனத்தின் சர்வீஸ் மேனுவல், சாக்கெட் செட், டார்ச், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை, பஞ்சு பிரியாத துணி, மெல்லிய ரப்பர் கையுறை, ஒளி புகும் பிளாஸ்டிக் ட்யூப் 3 மீட்டர், சென்சார் கிளீனர், தண்ணீரில் கரையும் டிகிரீசர், புது கிளாம்புகள்.

கிளாம்ப் எதற்குப் புதிது என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் போட்ட கிளாம்புகளில் சில வகை ஒருமுறை கழற்றினால் மறுபடி அதே பிடி பிடிக்காது. வேலை முடிந்து ஹைவேயில் ஏறியதும் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு நிற்கிற கார்களுக்குப் பாதி காரணம் இது. மீதிப் பாதி, ஹோஸின் உள்பக்கம் ஆயில் பிசுக்கோடு மாட்டியது.

3. சுத்தம் செய்யும் முன் அளந்து பாருங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் ஹோஸைக் கழற்றியதும் துணியை எடுத்துத் துடைத்துவிடுகிறார்கள். துடைத்தால் தடயம் போய்விடும்.

இன்ஜின் ஆறியபின், டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயை முதலில் கழற்றுங்கள். பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த வாயிலிருந்து கீழ்நோக்கி ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா? அதற்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம், குழாய் காய்ந்து இருக்கிறதா? இருந்தால் ஆயில் பிரீதர் வழியாக வருகிறது. இந்தக் குழாய் காய்ந்திருந்து, டர்போவைத் தாண்டிய குழாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போ பக்கம் சந்தேகம்.

அடுத்து இன்டர்கூலரின் தாழ்ந்த பக்க ஹோஸ். குவளையை அடியில் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். உள்சுவரில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும் படலம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், ஓடிய டர்போ கார் எதிலும் அது இருக்கும். ஓரிரு மேசைக்கரண்டி வடிந்தாலும், வெகுகாலம் திறக்காத இன்டர்கூலராக இருந்தால் நான் பயப்பட மாட்டேன். குவளையில் ஊற்றுகிற மாதிரி விழுந்தால் மூல காரணம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அளவையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீசல் காரில் நிறைய தேங்கி இருந்தால், அதை வடிக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். மொத்தமாக உறிஞ்சப்பட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ரேஸ் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் மேனுவல் கியர் காரில் பிரேக்கை முழுதாக அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். முடியவில்லை என்றால் விலகி நில்லுங்கள். காற்றுக் குழாயை வெறும் கையால் மூடப் போகாதீர்கள்.

4. ஆயில் அளவும், ஆயில் வகையும்

செலவே இல்லாத படி இது. சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், பிரீதரில் போகும் துளிகள் கூடும். டர்போவிலிருந்து ஆயில் இறங்கி வருவதும் தடைபடும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றுகிற பழக்கத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். மின் (குறைந்தபட்ச) கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் இடையில் முக்கால் பங்கில் நிற்பதுதான் எனக்குப் பிடித்த அளவு.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ் 6 டீசல் கார்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பல மாடல்களில், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசலைத் தெளிக்கும். ஊருக்குள் குறைந்த தூரமே ஓட்டி, அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால், டீசல் ஆயிலில் கலந்து அளவு தானாக ஏறும். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் கொஞ்சம் வடித்துவிட்டு விடக் கூடாது. ஆயிலையே மாற்ற வேண்டும், ஏனென்றால் அது நீர்த்துப்போன ஆயில்.

ஆயில் வகையில், மேனுவல் சொல்லும் தரக்குறியீடு முதலில். அது பொருந்தும் பிராண்டுகளுக்குள் தேர்வு செய்யும்போது நோவாக் எண்ணைப் பாருங்கள். ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. டி.பி.எஃப் கார்களுக்கான ஏ.சி.இ.ஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) சி3 வகைக்கு உச்ச வரம்பு 13 சதவீதம். அதைவிடக் குறைவாக இருப்பதை எடுத்தால் இன்டேக்குக்குப் போகும் ஆவி குறையும். டப்பாவில் இந்த எண் இருக்காது, தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும்.

5. ஏர் ஃபில்டர்

அடைத்த ஃபில்டர் இருந்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடும். அந்த உறிஞ்சல் பிரீதரிலிருந்தும், டர்போ தண்டிலிருந்தும் ஆயிலை இழுக்கும். செம்மண் சாலை, கட்டட வேலை நடக்கிற ஏரியா என்றால் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். ஏர் கம்ப்ரஸரால் ஊதி மறுபடி போடுவது வேண்டாம், காகிதம் கிழிந்து தூசி நேராக டர்போ விசிறிக்குப் போகும்.

6. பிரீதரும் பி.சி.வி வால்வும்

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கார்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முதலில் கையுறைச் சோதனை. இன்ஜின் சூடாக, ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ரப்பர் கையுறையை அந்த வாயில் இழுத்து மாட்டுங்கள். சில இன்ஜின்களில் அந்தத் துளைக்கு நேர் கீழே டைமிங் செயின் ஓடும், ஆயில் தெறிக்கும். சுற்றிலும் துணி போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துணியும் போகக் கூடாது.

நல்ல பெட்ரோல் இன்ஜினில் கையுறை தொங்கும், அல்லது லேசாக உள்ளே இழுக்கும். மூடியைத் திறந்ததும் ஐடிலிங் தடுமாறினால் அது இயல்பு. டீசலில் மெதுவாகக் கொஞ்சம் உப்பலாம். விரல்கள் விறைத்து நிற்கிற அளவுக்குச் சட்டென்று உப்பினால் உள்ளே அழுத்தம் அதிகம். பெட்ரோலில் மூடியே திறக்க வராத அளவு இறுக்கமாக இருந்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ, கையுறை பலமாக உள்ளே போனாலோ, வால்வு கவரில் உள்ள ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மேனிஃபோல்டின் முழு உறிஞ்சலும் நேராக இன்ஜின் உள்ளே போய் ஆயிலை இழுத்து வரும்.

அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால் பிரீதர் ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றி ஊதிப் பாருங்கள். உள்ளே கறுத்த கசடு படிந்து வழி சுருங்கியிருக்கும், அல்லது ஹோஸ் எங்காவது நசுங்கி மடிந்திருக்கும். பி.சி.வி வால்வு தனியாகக் கழற்ற வருகிற மாடல் என்றால், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போனால் மாற்றிவிடுங்கள். டர்போ அழுத்தம் அந்த வழியாக இன்ஜினுக்குள் இறங்கி, ஆயிலை வேறு எல்லா வாசல்களிலும் தள்ளும்.

செப்பரேட்டரைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது பிடித்த ஆயில் மறுபடி கீழே இறங்க ஒரு சிறு வடிகால் உண்டு. அது அடைத்தால் பிடித்த ஆயில் நிரம்பி இன்டேக்குக்கே வழியும். பல கார்களில் வால்வு கவரோடு சேர்ந்தே வருவதால் கவரையே மாற்ற வேண்டிவரும். விலை சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் டர்போவை மாற்றிவிட்டு அதே ஆயிலை மறுபடி பார்ப்பதற்கு இது மேல்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் கையுறை விறைத்து உப்பினால், 3 மீட்டர் ட்யூபை யு வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் மாட்டி நீர்மட்ட வித்தியாசத்தைப் பாருங்கள். ஆயில் மூடி போட்டிருக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்கான வரம்பு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கையுறையை உள்ளே பலமாக இழுத்த இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், தண்ணீரை உறிஞ்சிவிடும். கையுறைச் சோதனையை முதலில் வைத்தது அதனால்தான். வரம்பைத் தாண்டினால் கம்ப்ரஷன், லீக்டவுன் (சிலிண்டரில் காற்றுக் கசிவு பார்க்கும்) சோதனை செய்து ரிங், சிலிண்டர் நிலையைப் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு இனி வரும் எந்தப் படியும் தீர்வாகாது.

7. டர்போவைப் பார்க்கும் முறை

ஆறிய இன்ஜினில், விசிறியின் நடு நட்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது ஆயில் படலத்துக்கான இடம், குறை அல்ல. முன்னும் பின்னும் தள்ளினால் விரலுக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. விசிறியின் நுனி கூட்டில் உரசிய கோடு இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். ஆட்டமோ உரசலோ இருந்தால் டர்போ வேலைதான்.

இல்லையென்றால் ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவிலிருந்து ஆயில் புவியீர்ப்பில்தான் இறங்குகிறது. அந்தக் குழாயில் வளைவோ, கருகிய கசடோ இருந்தால் ஆயில் நடுக்கூட்டில் தேங்கி வளையங்களைத் தாண்டும். முன்பு யாராவது டர்போ வேலை செய்திருந்தால், அந்த ஃபிளாஞ்சில் சிலிக்கான் பசை போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். உள்ளே பிதுங்கிய பசை வழியை அடைத்து, புது டர்போவும் ஆயில் கக்கும். அங்கே கேஸ்கெட் மட்டுமே போட வேண்டும்.

8. இன்டர்கூலரையும் குழாய்களையும் சுத்தம் செய்தல்

காரணம் சரியானபின்தான் இது. இன்டர்கூலரைக் கழற்றி, இரு வாயும் கீழே பார்க்க வைத்து வடியவிடுங்கள். தண்ணீரில் கரையும் டிகிரீசரை ஊற்றி, வாயை அடைத்துக் குலுக்கி, ஊறவைத்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். உள் மடிப்புகளில் மிச்சம் நின்றால் டீசல் இன்ஜினில் 3-வது படியில் சொன்ன அதே ஆபத்து.

காய்வதற்கு நேரம் கொடுங்கள். ஊதியதும் காய்ந்த மாதிரி தெரியும், சாய்த்தால் இன்னொரு வாய் தண்ணீர் வரும். நான் ஒரு இரவு முழுக்க நிமிர்த்தி வைத்து, காலையில் மறுபடி ஊதிவிட்டுத்தான் மாட்டுவேன். டர்போ உடைந்து உலோகத் துணுக்கு போயிருந்தால் கழுவுவதை நம்பாமல் இன்டர்கூலரை மாற்றிவிடுங்கள்.

ஹோஸின் உள்வாயும் அது ஏறும் குழாயும் பிசுக்கில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். சுலபமாக ஏறட்டும் என்று ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். ஆயிலில் ஊறி மெத்தென்று ஆன ரப்பர் ஹோஸை மாற்றுவது நல்லது.

9. மேனிஃபோல்டு, வால்வு

டீசலில், எரிந்த புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர் வழியாக வரும் புகைக்கரி இந்த ஆயிலோடு சேர்ந்து தார் போல ஒட்டும். ஆயிலைக் குறைத்தால் கரி ஒட்டுவதும் குறையும். ஏற்கெனவே ஒட்டியதைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது இன்டேக்கில் கிளீனர் தெளிப்பதை டீசலில் செய்யவே கூடாது.

பெட்ரோலில், உங்கள் இன்ஜின் டைரக்ட் இன்ஜெக்ஷனா, அதாவது எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பதா என்று பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா 1.0 டி.எஸ்.ஐ, ஹூண்டாய் 1.0 டர்போ ஜி.டி.ஐ அந்த வகை. நெக்ஸானில் வந்த 1.2 ரெவட்ரான் டர்போவில் எரிபொருள் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால் வால்வு கழுவப்படும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் அந்தக் கழுவல் கிடையாது, வால்வின் முதுகில் கரி கட்டியாகும். பெட்ரோலில் கலக்கும் கிளீனர்கள் அந்த இடத்தைத் தொடாது. வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்து எடுப்பதே நம்பகமான வழி. அடிக்கும் சிலிண்டரின் வால்வு முழுதாக மூடியிருக்க வேண்டும், தூள் முழுக்க உறிஞ்சி எடுக்கப்பட வேண்டும். பழகியவரிடமே கொடுங்கள்.

மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் கழற்றி, சென்சார் கிளீனர் மட்டும் தெளித்துக் காயவிடுங்கள். குச்சி, துணி எதுவும் உள்ளே போகக் கூடாது.

10. கேட்ச் கேன், தேவையென்றால்

வாரண்டி இருக்கும் காரில் மாட்டும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோலில் வால்வைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அல்லது நிறைய ஓடிய டீசலில் கொஞ்சம் கூடுதலாக ஆயில் வந்தால், பயன் உண்டு.

உள்ளே தடுப்பும் வலையும் இருக்கிற கேனாகப் பாருங்கள். வெறும் டப்பா என்றால் வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். வாயும் ஹோஸும் தொழிற்சாலை ஹோஸின் உள்விட்டத்தைவிடச் சிறுத்திருக்கக் கூடாது, சிறுத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும். ஹோஸ் ஆயில் தாங்கும் நைட்ரைல் வகையாக இருக்கட்டும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் பளபளவென்று இருக்கும், ஆயில் ஆவியில் உப்பிக் கெட்டுவிடும்.

சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். குளிர்ந்தால்தான் ஆவி துளியாகும். ஹோஸ் நடுவில் தொங்கிப் பள்ளமாகக் கூடாது, அங்கே தேங்கும் தண்ணீரும் ஆயிலும் வழியை அடைக்கும்.

டீசலில் ஒரே ஹோஸ், பிரீதருக்கும் டர்போவின் முன்குழாய்க்கும் நடுவில் கேன் வந்தால் போதும். பெட்ரோலில் தான் தடுமாறுகிறார்கள். டர்போ பக்கப் பாதையில் மட்டும் கேன் மாட்டிவிட்டு, வால்வில் கரி குறையவில்லை என்கிறார்கள். ஊருக்குள் ஓட்டும்போது ஆவி பெரும்பாலும் மேனிஃபோல்டு பாதையில்தான் போகிறது. அந்தப் பாதையில் கேன் வேண்டும், பழைய பி.சி.வி ஒருவழி வால்வும் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

கேனின் வெளிவாயைத் திறந்து காற்றில் விடாதீர்கள். புகைச் சட்டத்துக்கு மாறானது, ஆயில் நாற்றம் ஏசி வழியாக உள்ளே வரும், பல பெட்ரோல் கார்களில் காற்றுக் கணக்கும் குழம்பும்.

முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்ரோல் காரில் வெறும் ஆயில் வராது. தண்ணீர், பெட்ரோல், ஆயில் கலந்து வெளிறிய குழம்பாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு வரும். மழைக்காலத்தில், சின்னச் சின்ன தூரம் ஓட்டினால் தண்ணீர் கூடும். அந்த அளவை வைத்து உங்கள் இடைவெளியை முடிவு செய்யுங்கள். பாதிக்கு மேல் நிரம்ப விடக் கூடாது, ஒரு வளைவில் மொத்தமாக இன்டேக்குக்குப் போய்விடும். வடித்ததை இன்ஜினில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

11. ஓட்டும் பழக்கம்

ஏசி போட்டு மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிறுத்தி வைப்பதைக் குறையுங்கள். அப்போது டர்போவின் காற்றுப் பக்கத்தில் எதிரழுத்தம் இருக்காது, ஆயில் வளையத்தைத் தாண்டுவது சுலபம். ஹைவேயிலோ மலைப்பாதையிலோ இழுத்து ஓட்டிவிட்டு நின்றதும் அணைக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். சூட்டில் நிற்கும் ஆயில் கருகித் திரும்பும் குழாயில் படிவதைத் தவிர்க்கலாம். வாரம் ஒருமுறையாவது இன்ஜின் முழுச் சூடு ஏறும் வரை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆயிலில் சேர்ந்த தண்ணீரும் எரிபொருளும் ஆவியாகிப் போகும்.

12. மறுசோதனை

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியபின் டர்போவின் முன்குழாயையும், இன்டர்கூலரின் தாழ்ந்த ஹோஸையும் திறந்து, முதலில் எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள். சுத்தம் செய்த குழாயில் புதிதாக வரும் ஆயில் எங்கே தொடங்குகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். லேசான படலம் என்றால் அடுத்து ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பார்த்தால் போதும். மறுபடி தேங்கியிருந்தால் 6-வது படிக்குப் போய் கையுறைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.